நாலு மில்லிசெகண்டில் ஒரு பதில்

காலத்தை அளக்கத் தொடங்கிய அன்றுதான் மனிதன் மனிதனானான். நிழலைப் பார்த்தான், மணலைச் சரியவிட்டான், ஊசலை ஆட்டினான், அணுவுக்குள் புகுந்து அதன் துடிப்பை எண்ணினான். அந்த நெடும்பயணம் கடைசியில் வந்து நின்ற இடம் கொழிஞ்சாம்பாறையில் ஓர் உரக்கடையின் மாடி. அங்கே, கிழக்கு வட்டார நீர்ப் பயனாளிகள் கூட்டமைப்பின் அலுவலகச் சுவரில், சிவப்பு விளக்கில் '4' என்று ஒரு பலகை எரிந்துகொண்டிருந்தது. முன்பு ஏதோ ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் காட்டிக்கொண்டிருந்த பலகை. எண் மாறும்போது இன்னமும் 'டிங்' என்று ஒலிக்கும். வந்து உட்கார்ந்திருக்கும் வயசாளிகள் சிலர் பழக்கதோஷத்தில் எழுந்து நிற்பார்கள்.

நாலு என்றால் நாலு மில்லிசெகண்ட். ஒரு நொடியை ஆயிரம் கூறு போட்டு, அதில் நாலு கூறு. வாய்க்கால் மடை திறந்திருக்கிறதா என்று விவசாயி கைப்பேசியில் கேட்டால் கூட்டமைப்பின் சர்வர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் சராசரி நேரம் அது. "நீங்க கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள எழுபது பேருக்குப் பதில் சொல்லிப்போடுமுங்க" என்று தலைவர் சிவப்பிரகாஷ் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வருகிறவர்களில் பாதிப் பேர் யூரியா வாங்க வந்து படி மாறி ஏறியவர்கள்.

அந்த ஆப்பை எழுதியவள் மௌனிகா. கூட்டமைப்பின் ஒரே இன்ஜினியர். கோயமுத்தூரில் படித்துவிட்டு, பெங்களூரில் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டு, அப்பா காலமான பிறகு அம்மா ராசம்மாளுக்குத் துணையாக ஊருக்கு வந்துவிட்டவள். அலுவலகத்தில் அவளுடைய மேசை பலகைக்கு நேர் கீழே இருந்தது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் என்பதால் அவள் அதைப் பார்ப்பதில்லை. பார்க்காததற்கு வேறொரு காரணமும் இருந்தது.

முதலில் அந்த எண் நூற்று அறுபதாகத்தான் இருந்தது. மடைக்காரர் பட்டன் அமுக்கிப் பதியும் மடை நிலவரத்தின் மூலப் பதிவைக் கேட்டு வாங்கச் சர்வருக்கு ஒரு நொடி, ஒன்றரை நொடி ஆகும். வருகிற ஒவ்வொருவருக்கும் அப்படி ஓட முடியாது. அதனால் ஒருமுறை வாங்கி வந்த பதிலை இருபது நொடி கையிலேயே வைத்துக்கொண்டு, அதற்குள் கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே கொடுக்கும்படி மௌனிகா ஏற்பாடு செய்திருந்தாள். கேஷ் என்பார்கள். இருபது நொடியில் மடையின் நிலை ஒன்றும் தலைகீழாகிவிடாது. யாருக்கும் குறையில்லாத ஏற்பாடு.

தை மாசக் கடைசியில் சிவப்பிரகாஷ் கொச்சிக்கு ஒரு கருத்தரங்குக்குப் போனார். திரும்பி வந்து, ஒற்றை இலக்கத்துக்கு மேல் போகிற சர்வரை இப்போது யாரும் மதிப்பதில்லை என்றார். மாநில அளவில் ஒரு விருது அறிவித்திருந்தார்கள், விண்ணப்பத்தில் 'சராசரி பதில் நேரம்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"நூத்தியறுவதுன்னு எழுதுனா சிரிப்பாங்க அம்மிணி. அதைச் சித்தெ எறக்க முடியாதா?"

"பதிலை ரொம்ப நேரம் கையில வெச்சிருந்தா எறங்குமுங்க. ஆனா..."

"வெச்சிருக்கட்டும். என்ன, அது ஊசிப்போயிருமா?"

இரண்டு நாளைக்கு மட்டும் என்று சொல்லி, இருபது நொடியை ஆறு மணி நேரமாக்கினாள். பலகை டிங், டிங் என்று இறங்கி நாலில் நின்றது. சிவப்பிரகாஷ் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். விண்ணப்பம் போனது. இரண்டு நாள் பதினோரு நாளாயிற்று. ஒருநாள் தலைவர் வெளியூர், ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல், மற்ற நாட்களில் அவள் மறந்திருந்தாள். மறந்திருந்தாள் என்றுதான் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை மத்தியானம், காளிச்சாமி படியேறி வந்தார்.

ஒன்றேமுக்கால் ஏக்கர் நெல்காரர். அவள் மாமன் முறை வைத்துக் கூப்பிடப் பழகிய மனிதர். வழக்கமாகக் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர், அன்று செருப்போடு வந்தார். கையில் ஒரு நெற்கதிர். மேசைமேல் வைத்து, ஒரு மணியை நகத்தால் நசுக்கிக் காட்டினார். நுனியில் இத்தனூண்டு வெள்ளையாக எதுவோ கசிந்தது.

"பால் புடிக்கிற சமயமுங்க. இன்னம் அஞ்சு நாளு. அதுக்குள்ள தண்ணி இல்லீன்னா அத்தனையும் பதரு."

"இன்னைக்கு உங்க முறை இருந்துச்சுங்களா மாமா?"

"இருந்துச்சு. தண்ணியும் வந்துச்சாமா. எனக்குத்தான் தெரியில."

ஒன்பதாம் மடையில் நாலு பேருக்குப் பாத்தியம். முப்பத்தேழிலிருந்து நாற்பது வரை நாலு எண்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை மடை திறப்பார்கள். ஒரு திறப்பு ஒருவருக்கு, நாலு மணி நேரம். அணையில் விட்ட தண்ணீர் எத்தனை மணிக்கு இங்கே வந்து சேரும் என்பது எவராலும் சொல்ல முடியாத சங்கதி. மடை திறந்த அரைமணிக்குள் முறைக்காரர் மம்மட்டியோடு அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த எண்காரர் எடுத்துக்கொள்ளலாம், அவருடைய சொந்த முறையும் அவருக்கே இருக்கும். விட்டவருக்கு மறுபடி பன்னிரண்டாம் நாள்தான். கொள்ளுத் தாத்தன் காலத்துக் கட்டுப்பாடு, அதில் கூட்டமைப்பு கை வைக்கவில்லை. கை வைத்தது ஒரு இடத்தில்தான்: மடைக்காரரை இனி யாரும் போனில் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது, ஆப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 'மடைக்காரருக்கு வரும் அழைப்புகள்: பூஜ்யம்' என்று விருது விண்ணப்பத்தில் இன்னொரு கட்டத்தில் எழுதியிருந்தார்கள்.

காளிச்சாமி போனை நீட்டினார். "வெடியால அஞ்சு அம்பதுக்குப் பாத்தேன். மூடியிருக்குதுன்னுச்சு. ஆறே முக்காலுக்குப் பாத்தேன், மூடியிருக்குது. ஏழரை, ஒம்போது, மூடியிருக்குது, மூடியிருக்குது. கேட்டு வாயை மூடலீங்க, டக்குன்னு சொல்லிப்போடுது. இத்தனை வெரசாச் சொல்றது பொய்யாவா இருக்கும்னு நானும் இருந்துட்டேன்."

மௌனிகா பதிவைத் திறந்து பார்த்தாள். மடை திறந்தது ஆறு இருபதுக்கு, மூடியது பத்து இருபதுக்கு. பதிவில் இருந்தது. அஞ்சு ஐம்பதுக்கு முதன்முதலாகக் கேட்டவர் காளிச்சாமி. அப்போது மடை மூடித்தான் இருந்தது. அந்த உண்மையான பதிலைச் சர்வர் பத்திரமாகக் கையில் வைத்துக்கொண்டது, பதினொன்று ஐம்பது வரைக்கும். அவர் திரும்பத் திரும்பக் கேட்டபோதெல்லாம் அவருடைய பழைய பதிலையே அவருக்கு எடுத்துக் கொடுத்தது, நாலு மில்லிசெகண்டில். அன்றைக்கு ஒன்பதாம் மடையைப் பற்றி ஆப் இருபது மணி நேரம் சரியாகச் சொன்னது. தப்பாகச் சொன்னது தண்ணீர் ஓடிய நாலு மணி நேரம் மட்டும்தான்.

"நான் பாக்கறனுங்க மாமா" என்றாள்.

அவர் போனதும் முதல் வேலையாக ஆறு மணி நேரத்தை மறுபடி இருபது நொடியாக்கினாள். தலைக்கு மேலே டிங் என்றது. ஒன்பது. டிங். முப்பத்தொன்று. டிங், டிங், டிங். தலைவர் அறையின் கதவு திறந்தது.

"என்னம்மிணி, தேர்த் திருவிழாவா?"

சொன்னாள். நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்து, அவர் முதலில் கேட்ட கேள்வி, "வெள்ளிக்கிழமை பரிசுக் குழு வருதுன்னு தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. ஆனா காளிச்சாமி மாமனுக்கு மாத்துத் தண்ணி குடுக்கோணுமுங்க. நம்ம தப்பு."

"நம்ம தப்பா? சர்வர் எத்தனை நேரத்துல பதில் சொல்லிச்சு அவருக்கு?"

"அது நாலுதானுங்க..."

"அப்பறம் என்ன தாமசம்?" சிவப்பிரகாஷ் உட்கார்ந்தார். "வேணும்னா யோகத்துல ஒரு மனு எழுதி அபேட்சை குடுக்கட்டும். வெள்ளிக்கிழமை பாத்தியக்காரங்க எல்லாம் கூடற யோகம். பரிசுக் குழு முன்னாலயே விசாரிப்போம். நாம எப்படி நியாயம் பண்றோம்னு அவங்களும் பாக்கட்டும். நீ அந்தப் பலகையை மட்டும் நாலுக்குக் கொண்டா."

"அது கூடாதுங்க. கேஷை மறுபடி நீட்டுனா வேற மடைப் பாத்தியக்காரங்களுக்கும் இதே கதி."

"கேஷை எதுக்கு நீட்டறே? பலகையை நாலுங்கச் சொல்லு. ரெண்டு நாளைக்கு."

அவள் ஒத்துக்கொண்டாள். காளிச்சாமியின் விஷயம் யோகத்தில் வரட்டும், அதற்குத் தலைவர் குறுக்கே நிற்காமலிருக்கட்டும் என்று கணக்குப் போட்டு ஒத்துக்கொண்டாள். பலகைக்கு எண் போகிற இடத்தில் நாலு என்று எழுதிவைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் எழுதிய நிரல்களிலேயே ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது அதுதான்.

அன்று சாயங்காலமும் மறுநாள் முழுக்கவும் சர்வரின் பதிவுகளைத் தோண்டிக்கொண்டிருந்தாள். தோண்டத் தோண்ட அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாளொன்றுக்கு நாற்பதாயிரம் கேள்வி வருகிறது என்று விண்ணப்பத்தில் பெருமையாக எழுதியிருந்தார்கள். அதில் முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம், பதில் நேரத்தை அளப்பதற்காக அவளே எழுதி ஓடவிட்ட நிரல் முதல் மடையைப் பற்றித் தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. மிச்சத்தில் பெரும்பகுதி தலைவர் விருந்தினர்களுக்குச் செய்துகாட்டியது. ஒன்பதாம் மடையைப் பற்றி அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரே ஓர் ஆள்தான் ஆப்பில் கேட்டிருந்தார். அந்த ஆப்பை மனசார நம்பிய அந்த ஒருவருடைய வயல்தான் காய்ந்துகொண்டிருந்தது.

அளந்ததிலும் ஓட்டை. சர்வரின் வாசலுக்குக் கேள்வி வந்த நொடியிலிருந்து பதில் வாசலைத் தாண்டும் நொடி வரைதான் கடிகாரம் ஓடியது. பதில் சரியா தப்பா, புதுசா பழசா என்று கடிகாரத்துக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு யோகம் கூடியது. திருவனந்தபுரத்திலிருந்து வந்த பரிசுக் குழுவினர் மூன்று பேர் முன்வரிசையில், கையில் இளநீரோடு. பக்கவாட்டு பெஞ்சில் காளிச்சாமி. இன்றைக்குப் புதுக் கதிர் ஒன்று கொண்டுவந்திருந்தார். அதை யாரிடமும் காட்டாமல் மடியில் வைத்திருந்தார். மூலையில் மடைக்காரர் சுவக்கீன், தன் நோட்டுப் புத்தகத்தோடு. வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் பிறந்து, இங்கே கத்தரீனாளைக் கட்டிக்கொண்டு, இருபது வருஷமாகியும் தோட்டத்துப் பேச்சு மாறாத ஆள்.

சிவப்பிரகாஷ் எழுந்து, பலகையைக் கையால் காட்டி, "சர்வர் பதிவுப்படி அபேட்சைக்காரர் கேட்ட அத்தனை கேள்விக்கும் நாலு மில்லிசெகண்டில் பதில் தரப்பட்டிருக்கு. கூட்டமைப்பு தரப்பில ஒரு நொடிகூடத் தாமசமில்லை" என்றார்.

"தாமசமுன்னு நான் சொல்லலீங்களே" என்றார் காளிச்சாமி. "தப்புன்னுதான் சொன்னேன்."

"மடைக்காரர் நேரத்துக்குப் பட்டனை அமுக்கியிருக்க மாட்டார்."

சுவக்கீன் எழுந்துவிட்டார். "நல்லாருக்கே சார்! தொறந்தா பச்சையை அமுக்கச் சொன்னிய, அமுக்கிட்டேன். மூடுனா செவப்பை அமுக்கச் சொன்னிய, அதையும் அமுக்கிட்டேன். அதுக்குப் பொறவு அது எங்கிட்டுப் போயி எங்க படுத்துக்கிடக்குன்னு நானா பாக்க முடியும்?"

பின்பெஞ்சில் சிரித்தார்கள். மௌனிகா சிரிக்கவில்லை. எங்கே படுத்துக்கிடந்தது என்று அவளுக்குத் தெரியும்.

எழுந்தாள். "அவர் சரியாத்தான் அமுக்குனாருங்க. சர்வர்தான் அதைப் போய்ப் பாக்கல. காலைல ஒருக்கா பாத்த பதிலையே கையில வெச்சுட்டு, மாமன் கேக்கக் கேக்க அதையே எடுத்துக் குடுத்துருக்குதுங்க. ஆறு மணி நேரம் அப்படி வெச்சிருக்கும்."

"ஆறு மணி நேரம் வெச்சிருன்னு அதுக்கு ஆரு சொன்னது?" என்று காளிச்சாமி அமைதியாகக் கேட்டார்.

"நானுங்க மாமா."

பரிசுக் குழுவிலிருந்த அம்மையார் ஒருவர் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்து, "ஆனால் இப்போதும் நாலுதானே காட்டுகிறது?" என்றார்.

"அதும் நான் எழுதி வெச்சதுங்க. உள்ளபடி நூத்தியறுவது."

அம்மையார் நூற்று அறுபது என்று குறித்துக்கொண்டார். சிவப்பிரகாஷ் பலகையைப் பார்த்தார். பலகை அசையாமல் நாலிலேயே நின்றது. அவருடைய கட்சியில் கடைசிவரை நின்றது அது ஒன்றுதான்.

அதன்பிறகு நடந்தது, ஏதோ கீழே கொட்டியதை எல்லோருமாகத் துடைப்பது போல வேகமாக நடந்தது. தப்பு கூட்டமைப்பின் பேரில் என்று தீர்மானம் எழுதினார்கள். மாற்றுத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றார்கள். அடுத்த திறப்பு நாளைக்கு, சனிக்கிழமை. அது முப்பத்தெட்டாம் எண்ணின் முறை. புதன்கிழமை காளிச்சாமியின் தண்ணீரை எடுத்ததும் முப்பத்தெட்டாம் எண்தான். எடுத்தவர்கள் திருப்பிக் கொடுப்பது நியாயம், சனிக்கிழமைத் தண்ணீர் காளிச்சாமிக்கு என்று முடிவானது.

"முப்பத்தெட்டு சம்மதிக்கோணுமே" என்று யாரோ சொன்னார்கள். "முப்பத்தெட்டு ஆருங்க?"

சுவக்கீன் நோட்டைப் பிரித்தார். "புதங்கெழம, ஆறு அம்பதுலருந்து பத்து இருவது மட்டும்..." நிமிர்ந்து, ஒருமுறை மௌனிகாவைப் பார்த்துவிட்டு, மறுபடி நோட்டுக்குள் குனிந்துகொண்டு வாசித்தார். "ராசம்மா அக்கா."

ஊரின் நூற்றிருபது பாத்தியக்காரர்களையும் மௌனிகா எண்களாகத்தான் அறிவாள். எண்ணிலிருந்து பேருக்குப் போக அவளுக்கு ஒருபோதும் தேவை வந்ததில்லை. நிலம் இன்னும் செத்துப்போன அப்பா பேரில் இருந்தது. புதன்கிழமை ராத்திரி சோறு போடும்போது அம்மா, "தண்ணி பாஞ்சு முடிஞ்சுது" என்று சொன்னதும், தான் அதைக் காதில் வாங்காமல் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்ததும் இப்போது ஞாபகம் வந்தது. காளிச்சாமி அவளைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாராமலிருந்தது அவருடைய பெரிய மனசு. அவளுக்கு அது திட்டுவதைவிட அதிகமாக வலித்தது.

"சம்மதமுங்க" என்று அம்மாவுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டாள்.

விருது வேறொரு மாவட்டத்துக்குப் போனது. சனிக்கிழமை காலை எட்டரைக்கு மடை திறந்தது. காளிச்சாமி விடிவதற்கு முன்பே போய் மடைமேல் உட்கார்ந்திருந்தார், போனை வீட்டில் வைத்துவிட்டு. தண்ணீர் பாய்ந்தது. கீழ்ப்பாத்திகள் நிமிர்ந்துகொள்ளும் என்றும், மேட்டுப் பக்கம் அரை ஏக்கர் பதராகத்தான் போகும் என்றும் சுவக்கீன் வந்து சொன்னார். அந்த அரை ஏக்கருக்குத் தீர்மானத்தில் இடமில்லை.

ராசம்மாள் அன்று தோட்டத்துக்குப் போகவில்லை. சமையலறையில் பாத்திரங்களை ஒவ்வொன்றாக, தேவைக்கு மேல் சத்தமாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ற தண்ணியை எடுத்து ஊருக்குக் குடுத்துப்போட்டு வந்து நிக்கறா பாரு, மகராசி. நாளைக்கு என்ற நெல்லு காஞ்சா உன்ற சர்வரு வந்து ஊத்துமா?"

"அது மாமன் தண்ணிம்மா."

"அரைமணி வரைக்கும் ஆள் வர்லீன்னா அடுத்த ஆளுது. இன்னைக்கு நேத்து வழக்கமா அது? நான் என்ன திருடியா போட்டேன்?"

"நீ திருடுனேன்னு ஆரும்மா சொன்னா." மௌனிகா நிலையில் சாய்ந்தாள். நேற்றிலிருந்து கேட்க நினைத்த கேள்வியைக் கேட்டாள். "மடை தொறந்தது உனக்கு எப்படித் தெரிஞ்சுது? ஆப்ல மூடியிருக்குதுன்னுதானே காட்டியிருக்கும்?"

"கத்தரீனா கூப்புட்டுச் சொன்னா. ஊடு ஊடுக்கு அவதான் சொல்லுவா. மடைக்காரரைத்தானே கூப்புடக் கூடாதுன்னீங்க? அவரு பொண்டாட்டி கூப்புடக் கூடாதுன்னு தீர்மானத்துல எங்க இருக்குது?"

"மாமனுக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"அவரு வேண்டாம்னுட்டாரு. அம்மிணி எழுதுன ஆப்பு இருக்கறப்ப எனக்கெதுக்குன்னு." ராசம்மாள் கடைசிப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கவிழ்த்தாள்.

மௌனிகா அம்மாவின் போனைக் கையில் எடுத்தாள்.

"நீ ஆப்பை ஒருக்காகூடத் தொறந்து பாத்ததில்லையாம்மா?"

"என்ற போனுல அது எங்கடி இருக்குது?"

இல்லை. போன மார்கழியில், ஒரு கல்யாண வீடியோவை இறக்க இடம் போதவில்லை என்று, மௌனிகாவே அதை அம்மாவின் போனிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள்.